நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜனவரி 9

தம்பி,

தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உனக்குப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிற நேரம் தவிர மற்ற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாதாம். அதனால் இனிமேல் போன் கிடையாது. இப்படிக் கணினியில் தட்டி அனுப்புகிறேன், உன் கணினி வாசித்துக் காட்டட்டும். அந்த இயந்திரக் குரலில் என் திட்டெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான் கேட்கும். பரவாயில்லை, திட்டு திட்டுதான்.

உன் செங்கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுநூறு பக்கத் தடிப் புத்தகத்துக்குச் செங்கல் என்று நீ பெயர் வைத்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் நான் படம் எடுக்கிற எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். கதவில் ஈயத்தகடு இருப்பதால் வெளிச்சத்தம் வராது. ஆனால் இந்த ஆள் எழுதியதும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. நேற்று ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடியது, எங்கே மூச்சு விடுவது என்றே தெரியவில்லை. எலும்பு என்றால் படத்தைப் பார்த்ததும் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இவர் எங்கே உடைந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவனுக்கு டாக்டர் பட்டம், உனக்குத் தொண்டைப் புண்ணா?" என்று உன் அத்தான் கேட்கிறார். பதில் சொல்லவில்லை. பேசக் கூடாதே.

புரியாமல் வாசித்தால் குரலும் புரியாமல்தான் வரும். நீங்களெல்லாம் இந்த மாதிரிப் புத்தகத்தை எப்படித்தான் படிக்கிறீர்கள்? வழி இருந்தால் சொல். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்.

அக்கா

ஜனவரி 14

அக்காவுக்கு,

வேறு ஆளெல்லாம் பார்த்தாயிற்று. நூலகத்திலிருந்து ஒருவர் வந்து வாசித்தார், பாதி கொட்டாவி. இன்னொருவர் மூன்றாம் நாள் ஆளையே காணோம். அது பழைய அச்சு, எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, என் கணினியிடம் கொடுத்தால் பேய் பிடித்த மாதிரி உளறுகிறது. ஆறு வயதில் எனக்குக் கண் போனதிலிருந்து எனக்குப் புத்தகம் என்றால் அது உன் குரல்தான். இந்த வயதில் அதை மாற்றச் சொல்லாதே.

சரி, வழி கேட்டாய். முதலில், இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று பார். கடினமான புத்தகம் எல்லாமே பக்கத்து அறையில் ஒருவர் போனில் சண்டை போடுவது மாதிரி. நமக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துவிட்டால் பாதி புரிந்துவிடும். இவருடைய சண்டை ஒரே விஷயத்துக்காக. இன்னொருவர் வாயால் கேட்டதை 'எனக்குத் தெரியும்' என்று சொல்லலாமா, கூடாதா? சொல்லலாம் என்கிறவர்களோடு இவருக்குத் தகராறு. கூடாது என்பது இவர் கட்சி. சொல்லலாம் என்பது என் கட்சி, அதுதான் என் ஆய்வேடு.

வாக்கியம் நீளமாக இருந்தால் கடைசிக்குப் போய் வினைமுற்றைப் பிடி. நம் மொழியில் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வா. கடைசி அத்தியாயத்தை இப்போதே ஒருமுறை படித்துவிடு, எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்தால் வழி அவ்வளவு நீளமாகத் தெரியாது. நானே எந்தப் புத்தகத்தையும் முதல் தடவை வேகத்தைக் கூட்டி வைத்து, புரிய வேண்டும் என்ற ஆசையே இல்லாமல் ஓடவிட்டுத்தான் கேட்பேன். அப்புறம்தான் நிதானமாக. ஒரு பகுதி முடிந்ததும் யாரிடமாவது இரண்டு வரியில் சொல்லிப் பார், அத்தானிடமாவது. சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். புரியாத இடம் வந்தால் அங்கேயே கூடாரம் போட்டு உட்காராதே. தாண்டிப் போ. பின்னால் அவரே வந்து விளக்குவார்.

ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் துறையில் காலியாகிற விரிவுரையாளர் வேலை எனக்கு என்று கனைப்பு சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைக்கிற என் வழிகாட்டிப் பேராசிரியர்தான் கனைப்பு. அடுத்த வேலை எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மாதாமாதம் நீ மட்டுமே அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா.

தம்பி

பிப்ரவரி 22

தம்பி,

வினைமுற்றுத் தந்திரம் பலிக்கிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் வாக்கியம் முழுக்கக் கூட வருகிறது. அத்தானிடம் தினமும் மெல்லிய குரலில் இரண்டு வரி ஒப்பிக்கிறேன், டாக்டருக்குத் தெரிய வேண்டாம். நேற்று அவர், "அதாவது ஊர்ப் பேச்சை நம்பாதேங்கிறார். இதுக்கு எழுநூறு பக்கமா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் உன்னை விட்டுக்கொடுக்க முடியாமல் செங்கல்காரர் பக்கம் பேசினேன்.

நானூறுக்குப் பிறகு ஒரு வாரம் சிரமப்பட்டேன். நீ சொன்ன மாதிரி தாண்டி வந்துவிட்டேன். இப்போது ஓடுகிறது. மார்ச் முதல் வாரம் மிச்சப் பதிவு உன் கைக்கு வந்துவிடும்.

தொண்டை பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நேற்று துறையில் எல்லோர் முன்னாலும் பேசினேன். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் அப்படிப் பேசியாக வேண்டும். இருபது பேர் இருந்தார்கள், நாற்காலி இழுபடுகிற சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "பிறர் சொல்லை நம்பி வாழ்கிற ஒருவன் எங்கே சறுக்குவான் என்பதற்கு இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஆசிரியர் ஓர் உதாரணம்கூடத் தரவில்லை, அதுதான் அவருடைய ஓட்டை" என்றேன். என் ஆய்வேடு முழுக்க அந்த ஓட்டைக்குள்தான் நிற்கிறது, உனக்கே தெரியும்.

எனக்கு அடுத்த வருஷத்தில் சேர்ந்த ஒரு பெண் எழுந்தாள். "அண்ணா, நானூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல கைபிடிச்சு நடக்கிறவன்னு ஒருத்தன் வர்றானே, அது உதாரணம் இல்லையா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன் அக்கா. "அப்படி யாரும் இந்தப் புத்தகத்துல இல்லம்மா. நான் நாலு தடவை கேட்டிருக்கேன்" என்றேன். அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "சாரிண்ணா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கனைப்பு கனைக்கக்கூட இல்லை. என் அத்தியாயங்களை அத்தனை முறை திருத்திய மனிதர் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்ததே இல்லை என்பதும் அந்த அமைதியில்தான் எனக்குத் தெரிந்தது.

நீ சொல்லுகிற பக்க எண்ணை நான் இதுவரை கவனித்ததே இல்லை, என் பதிவில் நானூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு நானூற்று இருபத்தொன்று வருகிறது. என்ன நடந்தது?

தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

இரண்டு தடவை போன் செய்தேன். டாக்டர் சொன்னதையும் மீறித்தான் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அந்தப் பக்கங்கள் கடினமாக இருந்தன. தாண்டிப் போ என்று நீதானே சொன்னாய்? தாண்டினேன். ஒன்பது பக்கத்தில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தத்துவமா படித்தேன்? கையை இப்படி வை, மூச்சைப் பிடி, அசையாதே, இதைத்தான் நான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருபது பேர் முன்னால் உனக்கு அப்படி ஆகியிருக்கக் கூடாது. அந்தப் பக்கங்களை அந்தப் பெண்ணிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என் கோபம் ஆறிவிடும். இப்போது அது ஆறக் கூடாது.

புரியாத இடத்தில் மனதைத் தாண்டச் சொன்னேன். வாயைத் தாண்டச் சொல்லவில்லை. இது உனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அந்தப் பக்கங்கள் கடினமா? "இல்லண்ணா, இந்தப் புத்தகத்துலயே லேசா புரியிற இடம் அதுதான். கதை மாதிரி போகும்" என்றாள். வாசிக்கவா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் பதிவைப் போட்டுக் கேட்டேன். நானூற்றுப் பதினொன்று முடிகிற இடத்தில் நீ ஒரு மூச்சு விடுகிறாய். அந்த மூச்சை நாலு தடவை கேட்டிருக்கிறேன். பாவம், தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பூசி மெழுகாதே. ஏன் விட்டாய்?

தம்பி

ஏப்ரல் 13

தம்பி,

ஏன் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள்.

அந்த ஒன்பது பக்கமும் கண் தெரியாத ஒருவனைப் பற்றியது. அவன் இன்னொருவன் கையைப் பிடித்து நடந்து ஊர் சுற்றி வருகிறான். வீடு திரும்பி, அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்று பெருமை பேசுகிறான். நடுவில் ஒரு சாக்கடையைச் சுற்றிக் கூட்டிப்போனது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது உலகம் இல்லை, கைபிடித்தவனின் தயவுதான் என்று எழுதுகிறார். கயிற்றில் கட்டிய மாடும் தனக்கு வழி தெரியும் என்றுதான் நினைக்கும் என்கிறார். வரிக்கு வரி குருடன், குருடன், குருடன். நம் வீட்டில் அந்தச் சொல்லை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அம்மா கோபத்தில்கூடச் சொன்னதில்லை.

அதை என் வாயால் உன் காதுக்குள் சொல்ல வேண்டுமா? மூன்று நாள் முயன்றேன். முதல் வரியிலேயே குரல் கம்மியது. கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் நிறுத்தினேன். புரியாமல் விடவில்லை, நன்றாகப் புரிந்துதான் விட்டேன். போதுமா?

எனக்கும் கோபம் இருக்கிறது. இரண்டு வருஷமாக மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு உனக்காக வாசிக்கிறேன். உன் கடிதங்களில் என் தொண்டையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார். நான் உனக்கு அக்காவா, பதிவுக் கருவியா?

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

தொண்டையைப் பற்றிக் கேட்காதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் அதையும் கலக்காதே.

அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை என்றா நினைத்தாய்? பஸ் ஏறும் இடத்தில், கடையில், பள்ளிக்கூடத்தில், இங்கே விடுதியில் பாத்ரூம் வரிசையில்கூடக் கேட்டிருக்கிறேன். நீ இல்லாத இடமெல்லாம் அந்தச் சொல் இருக்கிறது. செங்கல்காரர் சொன்னது என்னைச் சுடவில்லை. நீ செய்ததுதான் சுட்டது. கைபிடித்தவன் எதைச் சுற்றிக் கூட்டிப்போனான் என்று பிடித்து நடக்கிறவனுக்குத் தெரியாது என்கிறார் அவர். அது தப்பு என்று நான் முன்னூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நீ அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டாய்.

அந்த ஒன்பது பக்கத்தையும் வாசித்து அனுப்பு. அந்தப் பெண் வாசிக்க வேண்டாம், நீ வாசி. குரல் கம்மினால் கம்மட்டும்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பி,

அனுப்பிவிட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். நாலாவது பக்கத்தில் மாடு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை, அந்த மனிதரோடு வாய்விட்டுச் சண்டை போட்டுவிட்டேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நினைவே இல்லை. ஈயக் கதவையும் மீறிக் கேட்டுவிட்டது, வெளியே காத்திருந்த நோயாளி, உள்ளே யாருக்கோ கை முறிந்துவிட்டது என்று பயந்து கதவைத் தட்டினார்.

அந்தப் பகுதியை அழித்துவிடலாம் என்று கை போனது. அழிக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

கேட்டேன். "யாருய்யா நீ, என் தம்பிக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு சொல்ல? உன் வீட்டுல யாராவது யார் கையையாவது பிடிச்சு நடந்திருக்கீங்களா?" என்று நீ கத்தியதை இரண்டு தடவை கேட்டேன். கோபத்தோடேயே சிரித்தேன். இப்படி எழுதுவதால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அவர் சொல்வது பாதி சரி. நீ எதைத் தாண்டினாய் என்று எனக்குத் தானாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய ஆள் ஒரு தடவைகூட வாயைத் திறப்பதில்லை, கவனித்தாயா? ஒன்பது பக்கம் நடக்கிறான், இப்போது எதைச் சுற்றி வந்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்பேன். மாடு கேட்காது. இதை வைத்து ஒரு புது அத்தியாயம் எழுதிவிட்டேன், இரண்டு ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லை. கனைப்பு கேட்டுவிட்டு, "இது போதும், முப்பதாம் தேதி கொடுத்துடுங்க" என்கிறார்.

அதனால் இப்போது கேட்கிறேன். வேறு எங்காவது தாண்டினாயா?

இல்லை என்று எழுதினால் மறு பேச்சு இல்லாமல் கொடுத்துவிடுவேன். அந்தப் பெண்ணையோ வேறு யாரையோ வைத்துச் சரிபார்க்க மாட்டேன். ஆமாம் என்றால் இந்த ஏப்ரல் எனக்கு இல்லை. பாதிப் புத்தகத்தைக் கேட்டுவிட்டு முழுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் வராது. வேலை அநேகமாக அந்தப் பெண்ணுக்குப் போகும். அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள்.

ஆமாம், இல்லை. அவ்வளவு போதும்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

இல்லை என்று தட்டினேன். அழித்தேன். மறுபடியும் தட்டினேன்.

உன் அத்தான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு எழுதிட்டுப் போ. அவன் வேலை விஷயம். யாரு புத்தகத்தைத் திறந்து பார்க்கப்போறா?" என்றார். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கும் அதுதான் ஆசை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதுதான் ஆசை. உனக்கும் அதுதான் என்று தெரியும். இத்தனை வருஷத்தில் நீ கேட்டு நான் இல்லை என்றதே இல்லை, இப்போது நீ கேட்பதே ஒரு 'இல்லை'தான், அது மட்டும் வரவில்லை.

ஆமாம்.

ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் கோடு போட்டுப் பொடி எழுத்தில் என்னவோ இருக்கிறது. முதலில் அதை அச்சகத்துக்காரர்கள் போடுவது என்று நினைத்தேன். நான் படித்த படிப்பில் அப்படி எதுவும் வந்ததில்லை. இருநூறு பக்கத்துக்கு மேல் போன பிறகு ஒருநாள் சும்மா வாசித்துப் பார்த்தால், அதுவும் அந்த மனிதரே எழுதியது. மேலே சொன்னதற்குக் கீழே தனக்குத் தானே மறுப்புச் சொல்கிறார், சில இடத்தில் கீழே இருப்பதுதான் மேலே இருப்பதைவிட நீளம். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டுமே என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. புத்தகத்துக்குக் கீழே இன்னொரு புத்தகம் இருக்கிறது என்றே உனக்குத் தெரியாமல் வைத்துவிட்டேன்.

இதை உன் மேல் பாசத்தால் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சோம்பலும் வெட்கமும்தான்.

உன் வேலையை என் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தேதான் இதை அனுப்புகிறேன். நீ என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

காலையில் துறை அலுவலகத்துக்குப் போய், இந்த முறை ஆய்வேடு கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கனைப்பு தன் அறைக்குக் கூப்பிட்டார். "அடிக்குறிப்பு அவ்வளவு முக்கியமாங்க? யார் உங்ககிட்ட சொன்னது?" என்றார்.

"எங்க அக்கா சொன்னாங்க சார்."

"சரிபார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏற்கெனவே ஒரு தடவை உங்களை ஏமாத்தினவங்கதானே அவங்க?"

"ஆமாம் சார்" என்றேன்.

வேலை அந்தப் பெண்ணுக்குத்தான். மதியம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். அறைக்கு வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது, நீ பக்கத்தில் இருந்தால் படம் எடுத்துப் பார்த்திருப்பாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் எப்போது போகும் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு நீயே இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அனுப்ப வேண்டியிருக்கும். அது உனக்குத் தண்டனை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

மதியம் அவள் பக்கத்தில் இருந்தபோது அந்தச் செங்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெண் மடியில் வைத்திருந்தாள். கீழே பொடி எழுத்து இருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ ஆமாம் என்று எழுதினாய். நான் வேலையை விட்டேன்.

அடிக்குறிப்புகளை எப்போது ஆரம்பிக்கிறாய் என்று எழுது. தொண்டை முழுக்க ஆறிய பிறகு போதும். முதல் பக்கத்துக் கீழே இருப்பதிலிருந்து.

தம்பி